முடக்கால் முயலும் ஜோடி முயலும்

திருப்பாதிரிப்புலியூர் என்ற பெயருக்குள் ஒரு புலி இருக்கிறது. புலிக்கால் முனிவர் வழிபட்ட ஊர் என்பதால் வந்த பெயர் என்பார்கள். சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்று பெயர் வந்ததும் அதே கணக்கில்தான். ஆனால் பாடலீஸ்வரர் கோயிலின் தலபுராணத்தில் இன்னொரு பிராணியும் வருகிறது. முயல்! சாபத்தால் முயலாகிப் போன மங்கண முனிவர் இந்தத் தலத்தில்தான் சாபம் நீங்கினார் என்பது கதை. 7-ஆம் நூற்றாண்டில் இந்த ஊரைப் பாடிய திருஞானசம்பந்தர் வெறுமனே முயல் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. கால் முடங்கிய முயல் என்று குறிப்பிட்டுச் சொல்கிறார்.

நம்புகிறவர்கள் நம்பட்டும். கதைதானே என்பவர்கள் கதையாகவே வைத்துக் கொள்ளட்டும். ஆனால் ஒரு முயலின் காலில் குறை இருப்பதை யாரோ ஒருவர் கவனித்துச் சொல்லியிருக்கிறார் என்பது மட்டும் நிச்சயம். அதே ஊரில் இன்றைக்கு மாடியிலும் கொல்லையிலும் கூண்டு வைத்து முயல் வளர்க்கிறவர்கள் பலர் செய்யத் தவறுவது அந்தக் கவனிப்பைத்தான். குறிப்பாக, இரண்டு முயல்களை ஜோடி சேர்க்கும்போது.

ஜோடி என்ற வியாபாரச் சொல்

புறா, லவ் பேர்ட்ஸ், முயல் எல்லாமே கடையில் ஜோடிக் கணக்கில்தான் விற்கப்படுகின்றன. ஒரே அளவில் இரண்டு குட்டிகள், ஒரு அட்டைப்பெட்டி, கொஞ்சம் கேரட். "ஒண்ணு ஆண், ஒண்ணு பெண்" என்று கடைக்காரர் சொல்லும் உறுதிமொழியும் சேர்த்தி. அந்த வயதுக் குட்டிகளில் ஆண் பெண் பார்ப்பது கைதேர்ந்தவர்களுக்கே தடுமாற்றம் தரும் வேலை. இரண்டும் ஆணாக இருக்கலாம், இரண்டும் பெண்ணாகவும் இருக்கலாம். முதல் இரண்டு மாதம் ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கும். வீட்டில் எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். மூன்று, நான்கு மாதத்தில் பருவம் எட்டியதும் அதே கூண்டில் ரோமம் பறக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. வீட்டில் ஒரு முயல் இருக்கும். "பாவம், தனியா இருக்கு" என்று இரக்கப்பட்டு இன்னொன்றை வாங்கி வந்து, வந்த அன்றைக்கே பழைய முயலின் கூண்டுக்குள் விட்டுவிடுவார்கள். கூண்டு முழுக்கப் பழைய முயலின் வாசனை. அதன் பார்வையில் வந்திருப்பது துணை இல்லை, வீடு புகுந்த திருடன். சண்டை வராமல் என்ன செய்யும்?

முயல் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது பாலபாடம். வளர்ந்த முயல்களைத் தனித்தனிக் கூண்டில்தான் வைப்பார்கள். இனச்சேர்க்கைக்குப் பெண் முயலை ஆணின் கூண்டுக்குக் கொண்டு போவார்களே தவிர, ஆணைப் பெண்ணின் கூண்டுக்குள் விடமாட்டார்கள். பெண் முயல் தன் இடத்தைக் காக்க ஆணைக் கடித்துக் குதறிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். கறிக்கு வளர்ப்பவருக்குத் தெரிந்தது, செல்லமாக வளர்ப்பவருக்குத் தெரியவில்லை. இது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய விஷயம்தான்.

சரி, விஷயத்துக்கு வரலாம். முயல்கள் கடித்துக் கொள்வது குற்றம் இல்லை, அது அவற்றின் மொழி. கடித்த பிறகு கை வைத்துத் தடவிப் பார்க்காமல் விடுவதுதான் குற்றம். அதைச் செய்வது முயல் அல்ல, மனிதன்.

"காட்டில் சண்டை போடாதா?"

இப்படிக் கேட்பவர்கள் நிறைய. கேள்வியிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. கடலூர் மாவட்டத்து முந்திரிக்காட்டிலும் புதர்க்காட்டிலும் ஓடுகிற காட்டு முயல் வேறு, கூண்டில் இருக்கும் வெள்ளை முயல் வேறு. நம்மூர்க் காட்டு முயல் வளை தோண்டாது. புல் மறைவில் படுத்து, பெரும்பாலும் தனியாகவே வாழும். அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தவறு. வீட்டு முயல் ஐரோப்பாவின் ஐபீரிய தீபகற்பத்து முயலின் வழி வந்தது. அது வளை தோண்டிக் கூட்டமாக வாழும் சாதி. கூட்டம் என்றால் யார் பெரியவர், யார் சின்னவர் என்ற வரிசை உண்டு. அந்த வரிசை துரத்தியும் கடித்தும்தான் முடிவாகும்.

ஆனால் திறந்த வெளியில் தோற்ற முயல் ஓடிப் போகலாம். வேறு வளைக்குள் நுழையலாம். மூன்றடிக் கூண்டில் தோற்ற முயல் எங்கே ஓடும்? மூலையில் ஒடுங்கும். ஜெயித்தது விடாமல் கடிக்கும். ஆகவே "இயற்கை பார்த்துக்கும்" என்ற வாதம் கூண்டுக் கதவைப் பூட்டிய நிமிடத்திலேயே செல்லாமல் போகிறது. இயற்கையில் இருந்த தப்பிக்கும் வழியை அடைத்தவர், அந்த இயற்கை செய்ய வேண்டிய மீதி வேலையையும் தானே செய்தாக வேண்டும்.

மறுநாள் காலையில் இரண்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். "பழகிடுச்சு" என்று வீட்டில் நிம்மதி. உண்மையில் முயல் வலியை வெளிக்காட்டாத பிராணி. நரிக்கும் பருந்துக்கும் இரையாகிற இனம், "எனக்கு அடிபட்டிருக்கு" என்று காட்டிக் கொண்டால் பிழைக்க முடியாது. நாய் முனகும், பூனை கத்தும், முயல் சும்மா உட்காரும். அந்தச் சும்மாவுக்குள்தான் ஆபத்து.

ரோமத்துக்குள் ஒளிந்திருக்கும் புண்

முயலின் தோல் காகிதம் மாதிரி மெல்லியது. அதன் முன்பற்கள் உளி மாதிரி கூர்மையானவை. வாழ்நாள் முழுக்க வளர்ந்து கொண்டே இருப்பவை. மேல் வரிசையில் முன்பல்லுக்குப் பின்னால் இன்னொரு சிறிய ஜோடியும் உண்டு. இந்தப் பல் இந்தத் தோலில் பட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். தோல் கிழிந்து தொங்கும், அல்லது ஊசி குத்தினாற்போல் சின்ன ஓட்டை விழும்.

கிழிந்தது கண்ணுக்குத் தெரியும் என்பதால் யாராவது கவனிப்பார்கள். மோசமானது ஓட்டைதான். மேலே தோல் இரண்டு நாளில் மூடிக் கொள்ளும். உள்ளே போன கிருமி மாட்டிக் கொள்ளும். சில நாளிலோ சில வாரத்திலோ அந்த இடத்தில் கோலிக்குண்டு மாதிரி கட்டி எழும்பும். மனிதனுக்கு வரும் கட்டி பழுத்து உடைந்து சீழ் வடிந்தால் ஆறிவிடும். முயலின் சீழ் அப்படி வடியாது. பற்பசை மாதிரி கெட்டியாக, ஒரு பைக்குள் அடைத்து வைத்தது போல இருக்கும். கீறிவிட்டால் மட்டும் போதாது. பெரும்பாலும் அந்தப் பையோடு சேர்த்து அறுவை செய்து எடுக்க வேண்டியிருக்கும். முதல் நாள் கழுவி ஆற்றியிருக்கக் கூடிய ஒரு பல் குத்து, ஒரு மாதம் கழித்து மயக்க ஊசி போட்டு ஆபரேஷன் செய்யும் அளவுக்கு வளர்வது இப்படித்தான்.

தினம் பத்து நிமிடம்

ஜோடி சேர்க்க ஆரம்பித்த நாளிலிருந்து, இரண்டும் ஒன்றாகப் படுத்து ஒன்றை ஒன்று நக்கிக் கொள்ளும் வரை, தினமும் இரண்டு முயல்களையும் சோதிக்க வேண்டும். இரண்டையும் என்பது முக்கியம். ஜெயித்த முயலுக்கும் காயம் இருக்கும்.

மேஜை மேல் வைத்துப் பார்க்கக் கூடாது. குதித்து விழுந்தால் கால் முறியும். தரையில் துண்டு விரித்து, ஒருவர் முயலை அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் பார்க்க வேண்டும். காதைப் பிடித்துத் தூக்குவது சினிமாவில் மந்திரவாதி செய்கிற வேலை, வீட்டில் வேண்டாம். தூக்கும்போது பின்பாகத்துக்குக் கீழே கட்டாயம் ஒரு கை இருக்க வேண்டும். தாங்கல் இல்லாமல் உதறினால் முயலின் முதுகெலும்பே முறியக் கூடும். மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கும். அது சுகம் இல்லை, பயத்தில் உறைந்த நிலை.

பிறகு கண்ணால் அல்ல, விரலால் பார்க்க வேண்டும். ரோமத்துக்கு எதிர்த் திசையில் மெதுவாகத் தடவினால் பொருக்குத் தட்டிய இடம் மணல் துகள் மாதிரி விரலில் உறுத்தும். ஈரமாக ஒட்டிக் கிடக்கும் ரோமம், சூடாக இருக்கும் இடம், தொட்டதும் முயல் வெடுக்கென்று இழுத்துக் கொள்ளும் இடம், மூன்றுமே தடயங்கள். சந்தேகமான இடத்தில் வாயால் மெல்ல ஊதினால் ரோமம் பிரிந்து தோல் தெரியும். டார்ச் இருந்தால் இன்னும் நல்லது.

மேலிருந்து கீழாக ஒரு வரிசை வைத்துக் கொண்டால் எதுவும் விட்டுப் போகாது. காதின் ஓரமும் உள்பக்கமும், கண் இமை, மூக்கு, உதடு. பெண் முயலுக்குத் தாடைக்குக் கீழே தொங்கும் சதை மடிப்பு. கழுத்து, தோள், முதுகு, விலா. சண்டையில் துரத்தப்பட்ட முயலுக்குக் கடி அதிகம் விழுவது இடுப்பிலும் வாலடியிலும்தான். வயிறு, நான்கு கால், விரல் நகம். கடைசியாக, எல்லோரும் கூச்சப்பட்டு விட்டுவிடும் இடமான பிறப்புறுப்பு. ஒரு முயல் மற்றொன்றின் தலைப் பக்கமாகத் திரும்பி ஏறும்போது கீழே இருப்பது கடிக்கும் இடம் அதுதான். ஆண் முயலின் விதைப்பையில் விழும் கடி மிகவும் கொடுமையானது.

சண்டை நடந்த அன்று பார்த்தது போதாது. அன்று ஒரு முறை, மறுநாள் ஒரு முறை, அதற்கு அடுத்த நாள் ஒரு முறை, பிறகு இரண்டு மூன்று வாரம் கட்டி எழும்புகிறதா என்று தடவிப் பார்ப்பது. ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு "இடது இடுப்பு, சிறு பொருக்கு" என்று எழுதி வைத்தால் புண் ஆறுகிறதா வளர்கிறதா என்று தெரியும். கூடவே தட்டில் தீவனம் குறைந்திருக்கிறதா, கூண்டுக்கடியில் புழுக்கை விழுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வலி வந்தால் முயல் சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் குடல் நின்று போகும். பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் ஒரு முயல் இருந்தால் அது அவசர நிலை. "நாளைக்குப் பார்க்கலாம்" என்பதற்கு அங்கே இடமில்லை.

கைமருந்து என்ற பெயரில்

நல்ல மனசோடு செய்கிற தப்புகள் இங்கேதான் அதிகம். மஞ்சள் தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு என்று அடுக்களையில் இருப்பதெல்லாம் புண்ணில் அப்பப்படும். பொடி புண்ணை மூடும், கிருமியை உள்ளே வைத்தே மூடும். முயல் அதை நக்கி விழுங்கும். டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் புண்ணின் சதையையே அரிக்கும். மனிதர்களுக்கான களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கலாம், மரத்துப் போகச் செய்யும் மருந்து இருக்கலாம். இரண்டும் முயலுக்கு ஆகாது.

எளிய வழி உப்புத் தண்ணீர். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் மட்டம் தட்டிய ஒரு தேக்கரண்டி உப்பு. சுத்தமான துணியில் நனைத்துப் பொருக்கையும் அழுக்கையும் ஊற வைத்து ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. பிறகு போவிடோன் அயோடினை வெளிறிய டீயின் நிறத்துக்குத் தண்ணீர் கலந்து ஒரு முறை ஒற்றலாம். அவ்வளவுதான். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் எடுக்காமல் அழுத்த வேண்டும். முயலைக் குளிப்பாட்டக் கூடாது. கட்டுப் போட்டால் கடித்துப் பிய்த்து விழுங்கும். ரோமத்தை வெட்டுகிறேன் என்று கத்தரிக்கோல் எடுத்தால், அந்த மெல்லிய தோல் ரோமத்தோடு சேர்ந்து வெட்டுப்படும்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை. "புண்ணுக்கு ஒரு ஆன்டிபயாட்டிக் குடுங்க" என்றால் கிடைப்பது பெரும்பாலும் அமாக்ஸிசிலின். அதையோ, பென்சிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் இவற்றையோ வாய் வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, விஷக் கிருமி பெருகி, முயல் இறந்தே போகலாம். நாய்க்கு நல்லது, குழந்தைக்கு நல்லது, முயலுக்கு எமன். முயலுக்கு ஏற்ற மருந்துகள் வேறு இருக்கின்றன. எது, எவ்வளவு என்பதை எடை பார்த்துக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கடலூரின் புழுக்கத்தில் இன்னொரு எதிரி உண்டு, ஈ. ஈரமான புண்ணிலோ மூத்திரம் பட்டு நனைந்த பின்பக்கத்திலோ ஈ முட்டையிட்டால் ஒரே நாளில்கூடப் புழு வைத்துவிடும். மாட்டுக்கு ஊற்றுகிற டர்பன்டைனையோ பினாயிலையோ முயலின் மேல் ஊற்றுவது கொலைக்குச் சமம். நாய்க்கு உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரேயும் முயலுக்கு நஞ்சு. ஒரு புழு கண்ணில் பட்டாலும் அப்போதே மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான்.

புயல் மழைக் காலத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரை கடந்தபோதும் 2024-இல் ஃபெஞ்சல் வந்தபோதும் இந்த மாவட்டம் பட்ட பாடு ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட நாட்களில் மாடிக் கூண்டுகளைக் கீழே இறக்கும் அவசரத்தில், பழகாத முயல்களை ஒரே கூடையில் போட்டு மூடுவது சுலபம். மனிதர்களைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை, மறுப்பில்லை. ஆனால் ஐப்பசி பிறக்கும் முன்பே ஒரு முயலுக்கு ஒரு கூடை என்று எடுத்து வைத்துவிட்டால் அந்த ராத்திரியில் இன்னொரு கவலை குறையும்.

"முயல் விலையே அவ்வளவு இல்லையே!"

டாக்டரிடம் போகச் சொன்னால் வரும் பதில் இது. மருத்துவச் செலவில் புதிதாக இரண்டு முயல் வாங்கிவிடலாமாம். கணக்குப் படித்தவர்கள்கூட இப்படிச் சொல்வதுதான் ஆச்சரியம். வாங்கிய விலை போனது போனதுதான். அது மூழ்கிய செலவு. இனி எடுக்கும் முடிவில் அதற்கு இடமே இல்லை என்பது வணிகவியல் முதலாண்டுப் பாடம். ஓர் உயிரை ஏற்றுக் கொண்ட நாளிலேயே தீவனம், கூண்டு, வைத்தியம் எல்லாம் வரவேண்டிய பொறுப்பாக ஏட்டில் ஏறிவிட்டன. விலை குறைவு என்பதற்காகப் பொறுப்பு குறையாது. ஓட்டை சைக்கிளுக்கும் பிரேக் வேண்டும்.

தர்மத்தை விட்டுவிட்டுச் சட்டத்தைப் பார்த்தாலும் அதேதான். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 3-ஆம் பிரிவிலேயே, பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனைப் பார்த்துக் கொள்ளவும் தேவையற்ற வலியைத் தடுக்கவும் வேண்டும் என்று கடமையாக்குகிறது. 2018-இல் வந்த செல்லப் பிராணிக் கடை விதிகளில் முயலும் அடக்கம். ஆக, "முயல்தானே" என்று சட்டமே சொல்லவில்லை.

வசதி இல்லை என்றும் சொல்ல முடியாது. அரசு கால்நடை மருத்துவமனை கடலூரிலேயே இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் பாண்டிச்சேரி போகிற தூரத்தில் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி பெயரிலான கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இன்னும் தேவைப்பட்டால் 1903-இல் தொடங்கி இன்று வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி. ஆடு மாடு நிறையப் பார்க்கும் மருத்துவரிடம் முயலைக் கொண்டு போகிறவர் வாய் திறந்து விவரம் சொல்ல வேண்டும். எப்போது கடிபட்டது, கடைசியாக எப்போது தின்றது, எப்போது புழுக்கை போட்டது, கட்டி எவ்வளவு நாளாக இருக்கிறது. அந்த நோட்டு இங்கேதான் உதவும்.

கண், மூக்கு, பிறப்புறுப்பு, வயிறு இங்கெல்லாம் காயம் என்றாலும், தோல் வாய் பிளந்திருந்தாலும், ரத்தம் நிற்காவிட்டாலும் அன்றைக்கே போக வேண்டும். சண்டையை விலக்கப் போய் மனிதன் கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, டாக்டரிடம் காட்டி ஊசி தேவையா என்று கேட்பது நல்லது.

அப்படியானால் ஜோடியே வேண்டாமா?

வேண்டும் என்பதுதான் நியாயமான பதில். கூட்டமாக வாழப் பிறந்த பிராணியை ஆயுள் முழுக்கத் தனிச்சிறையில் வைப்பதும் ஒரு கொடுமைதான். அமெரிக்காவில் 1988-இல் தொடங்கிய வீட்டு முயல் சங்கம் முதல் இங்கிலாந்தின் முயல் நல அமைப்பு வரை, துணையோடு வளருங்கள் என்றுதான் சொல்கின்றன. ஆனால் சேர்க்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது.

முதலில் கருத்தடை அறுவை. ஆண் பெண் ஜோடிதான் சுலபமாகச் சேரும். ஆனால் கருத்தடை செய்யாமல் விட்டால் 31 நாளில் குட்டி. குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினையாகிவிடும். ஆணுக்கு அறுவை முடிந்தாலும் நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். அதுவரை பழைய சூடு அடங்காது. பெண்ணுக்கு இன்னொரு லாபமும் உண்டு. வயது ஏறிய பெண் முயல்களில் அதிகம் வரும் கருப்பைப் புற்றுநோய் தடுக்கப்படும்.

அடுத்து, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கூண்டு. நடுவில் ஒரு சாண் இடைவெளி, இல்லாவிட்டால் கம்பி வழியாகவே மூக்கும் விரலும் கடிபடும். சில நாள் இரண்டின் துணியையும் தட்டையும் மாற்றி மாற்றி வைத்து வாசனையைப் பழக்க வேண்டும். பிறகு இரண்டுக்குமே சொந்தமில்லாத இடத்தில், குளியலறையோ தாழ்வாரமோ, முதலில் சில நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டிச் சேர்த்துவிட வேண்டும். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஏறுவது, சின்னத் துரத்தல், ஒரு கொத்து ரோமம், இவை சகஜம். காதைப் பின்னால் மடக்கி, வாலைத் தூக்கி, உறுமினால் எச்சரிக்கை. ஒன்றின் பின்பக்கத்தை ஒன்று கவ்விக் கொண்டு பம்பரமாகச் சுற்றினால் அது நிஜச் சண்டை. உடனே பிரிக்க வேண்டும். வெறும் கையை விடக் கூடாது, நடுவில் ஒரு முறத்தை நுழைத்தால் போதும். 

காயம் ஆறும் வரை மறுபடி சேர்க்கக் கூடாது. வலியோடு இருக்கும் முயல் எதிராளியை வலியோடுதான் நினைவு வைத்திருக்கும். ஆறிய பிறகு முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். சில ஜோடி ஒரு வாரத்தில் சேரும், சில ஜோடிக்கு மாதங்கள் ஆகும், சில சேரவே சேராது.

சேராத ஜோடிக்கும் சிறிய ஊரில் ஒரு வழி இருக்கிறது. முயலுக்குக் கருத்தடை செய்து பழகிய மருத்துவர் பக்கத்தில் கிடைக்காமல் போகலாம். அப்போது பக்கத்துக் கூண்டே துணையாக இருந்துவிட்டுப் போகட்டும். பார்க்க, முகர, ஒரே நேரத்தில் தின்ன ஒரு இனத்தான் அருகில் இருப்பதே பெரிய ஆறுதல். ஒரே கூண்டில் இருந்தால்தான் ஜோடி என்பது மனிதனின் ஆசை.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது பிடிவாதக்காரர்களைச் சொல்கிற பழமொழி. "எங்க முயல் கடிக்காது", "எங்க முயலுக்கு ஒண்ணும் ஆகலை" என்பவர்களும் அந்தக் கூட்டம்தான். சொல்லும் முன், ஒரு துண்டை விரித்து, முயலை மடியருகே வைத்து, காது முதல் வால் வரை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்துவிடலாம். காயம் இல்லையென்றால் பத்து நிமிடம்தான் நஷ்டம். இருந்தால், அது கட்டியாவதற்கு முன்னால் ஒருவர் கண்ணில் பட்டுவிட்டது. முயல் அதைத் தானாகச் சொல்லப் போவதில்லை. வளர்ப்பவர்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.